காய்ந்த கண்மாய்க்கு மீன் எங்கிருந்து வருகிறது?

சித்திரை, வைகாசியில் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மீன்பிடித் திருவிழாச் செய்திகள் வரிசையாக வரும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிகூடை, கொசுவலை என்று கையில் கிடைத்ததோடு கூட்டம் முழங்கால் தண்ணீரில் இறங்கும். மத்தியானத்துக்குள் கண்மாய் கலங்கிச் சேறாகிவிடும். ஆனி முடிவதற்குள் அந்தச் சேறும் பாளம் பாளமாக வெடித்துக் காயும். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகினால், தை பிறப்பதற்குள் அதே இடத்தில் கெண்டையும் குறவையும் விராலும் துள்ளுகின்றன. யாருமே குஞ்சு வாங்கி விடாத கண்மாயிலும் இதுதான் நடக்கிறது.

எப்படி என்று கேட்டால் ஊரில் மூன்று பதில்கள் உண்டு. முட்டை மண்ணுக்குள் கிடந்து மழைக்குப் பொரிக்கிறது என்பது ஒன்று. மழையோடு மீன் விழுகிறது என்பது இன்னொன்று. விரால் மண்ணுக்குள் தூங்கி எழுகிறது என்பது மூன்றாவது. முதலாவது தவறு. இரண்டாவதும் ஏறக்குறையத் தவறு. மூன்றாவது பாதி சரி. முழு விடையின் பெரும்பகுதி கண்மாய்க்கு வெளியே, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலிலும் மிஞ்சி வெளியேறும் கலுங்கிலும் இருக்கிறது.

எத்தனை நாள் தண்ணீர்?

செட்டிநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மணிமுத்தாறு, தேனாறு, விருசுழி ஆறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஓடி, நின்றால் மணலாகிவிடுபவை. அதனால்தான் இங்கே ஓடுகிற தண்ணீரை மறித்துக் கரை போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்களை அமைத்தார்கள். மேட்டு நிலத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் வரத்துக்கால். நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கல் கட்டுமானம் கலுங்கு. வயலுக்குத் திறக்கும் வாய் மடை. ஒரு கண்மாயின் கலுங்குத் தண்ணீர்தான் பெரும்பாலும் அடுத்த கண்மாயின் வரத்து. இந்தத் தொடர்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும். மாதக் கணக்கில் சுமார் 20 சென்டிமீட்டர். ஆகவே தை மாதம் ஒரு மீட்டர் ஆழம் நிற்கும் இடம், மடையைத் திறக்காமலே விட்டாலும் ஆனியைத் தாண்டுவது கஷ்டம். கண்மாயை நிரப்பும் பெருமழைக்கோ ஐப்பசி ஆகும். ஆடி, ஆவணியில் இடிமழை ஒன்றிரண்டு விழுந்தால் அதிர்ஷ்டம். இந்த நான்கு மாத இடைவெளியைத்தான் மீன் கடக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் தீர்வதற்கு முன்பே சாவு

தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் மீன் சாகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான மீன்கள் அதற்கு முன்பே, தண்ணீருக்குள்ளேயே செத்துவிடுகின்றன. காரணங்கள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை.

1. மூச்சு. 30 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. தண்ணீர் சுடச்சுடக் கரையும் அளவு இன்னும் குறையும்.

2. சூடு. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். 10 பாகை ஏறினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதாவது வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது.

3. பாசி. குட்டையாகத் தேங்கிய தண்ணீர் பச்சையாகிவிடும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் தானும் சுவாசித்து அதையே தின்றுவிடும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் நிலைமை மிக மோசம். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம். மேல்பரப்பில், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய தகட்டுத் தண்ணீரில்தான் அப்போது கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்கும்.

4. கழிவு. மீன் தன் உடம்பில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. தண்ணீர் நிறைய இருந்தால் அது கரைந்து போகும். நூறு மீன் ஒரு குழியில் நெருக்கியடித்தால் தன் கழிவே விஷம். பாசி மிகுந்த தண்ணீரில் மத்தியானத்தில் காரத்தன்மை ஏறும்போது இந்த விஷம் இன்னும் கடுமையாகும்.

கோடையில் "கண்மாயில் மீன்கள் செத்து மிதந்தன" என்று செய்தி வந்தால் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் உடனே எழும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாவு விடியற்காலையில் நடந்து, பெரிய மீன்கள் முதலில் மிதந்து, விராலும் குறவையும் மட்டும் தப்பியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மூச்சுத் திணறலை. அது ஏன் விராலையும் குறவையையும் தொடவில்லை?

அன்னக்கூடையில் தெரியும் பட்டியல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாட்டுமீன் விற்கும் இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கட்லாவும் ரோகுவும் ஐஸில் கிடக்கும். விரால், குறவை, தேளி, அயிரை ஆகியவை அன்னக்கூடையில் இரண்டு விரல் தண்ணீரில் உயிரோடு நெளியும். வியாபாரத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் எந்த மீன் கோடையைத் தாங்கும் என்பதற்கு இதைவிட எளிய பட்டியல் இல்லை. உயிரோடு விற்கப்படுபவை அனைத்தும் காற்றிலிருந்து நேரடியாக மூச்சு வாங்கத் தெரிந்தவை. அதற்காக உடம்பில் செய்துகொண்ட மாற்றம்தான் மீனுக்கு மீன் வேறு.

விராலுக்கும் குறவைக்கும் செவுளுக்கு மேலே, தலைக்குள் ஒரு காற்றறை உண்டு. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அதில் அடைத்துக்கொள்ளும். அறையின் சுவரில் ஓடும் இரத்தக்குழாய்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வளர்ந்த விராலுக்கு இந்தக் காற்று கட்டாயம், செவுள் மட்டும் போதாது. தண்ணீருக்கடியில் வலையில் சிக்கி மேலே வர முடியாத விரால் மூழ்கிச் செத்துப்போகும். மீன் மூழ்கிச் சாவது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை அதுதான்.

தேளிக்கு அமைப்பே வேறு. செவுளறையிலிருந்து இரண்டு நீண்ட காற்றுக்குழாய்கள் முதுகெலும்பின் இருபுறமும் வால் பக்கம் வரை ஓடுகின்றன. மார்புத் துடுப்பின் முள் குத்தினால் தேள் கொட்டியது மாதிரி கடுக்கும், பெயர் அதனால் வந்தது.

அயிரை காற்றை விழுங்கிக் குடலுக்கு அனுப்புகிறது. குடல் சுவரில் ஆக்சிஜன் உறிஞ்சப்பட, மீதிக் காற்று பின்வழியாகக் குமிழியாக வெளியேறும். விரல் நீள மீன், அதன் குடலுக்கு இரண்டு உத்தியோகம். சமைக்கும் முன் அயிரையை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்கவைக்கும் வழக்கம் சாத்தியமாவதும் இந்தத் தாக்குப்பிடிப்பால்தான். கலங்கிய பாலில் கெண்டை அவ்வளவு நேரம் நிற்காது.

பனையேறிக் கெண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் தலைக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் மடிமடியாக அடுக்கப்பட்டு, காற்றை வாங்கும் பரப்பைப் பெருக்குகின்றன. செவுள் மூடியின் விளிம்பிலுள்ள முட்களை மண்ணில் ஊன்றி, உடம்பை வளைத்துத் தள்ளி, ஈரத்தரையில் நடந்துபோகும். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப், 1791-இல் இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அது அச்சானது. அதன்பின் நூற்றாண்டுக்கு மேல் அறிஞர்கள் வாதிட்டார்கள். காகமும் பருந்தும் தூக்கிப்போய் மரத்தில் நழுவவிட்ட மீனாக இருக்கும் என்பது பிற்கால விளக்கம். பனையில் ஏறுமோ ஏறாதோ, ஒரு கண்மாயிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதில் சந்தேகமில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

சேற்றுக்குள் தூக்கமா?

காய்ந்த மண்கட்டியை உடைத்ததும் உயிருள்ள மீன் வெளியே வரும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். நம்ம ஊர் விரால் என்று தலைப்பு இருக்கும். அவற்றில் பெரும்பாலும் நாம் பார்ப்பது ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன். அது தன் உடம்புச் சளியைக் காயவைத்து உறை செய்து, அதற்குள் முழுச் செயலிழப்பில் கிடக்கும். ஆண்டுக்கணக்கில்கூடத் தாங்கும்.

விராலுக்கு அந்த உறை கிடையாது. தண்ணீர் குறையும்போது இளஞ்சேற்றுக்குள், கோரை வேருக்கடியில், கரையோர வளைகளில் அது இறங்கிக்கொள்ளும். தோலும் காற்றறையும் ஈரமாக இருக்கும்வரை, உடம்பில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். கண்மாய்த் தரையின் கரம்பை மண் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். அந்த ஈரம்தான் அதன் ஆயுள். வாரக்கணக்கில் தாங்கும், இடம் நன்றாக அமைந்தால் மாதக்கணக்கிலும் தாங்கும். வெடிப்பு ஆழமாக இறங்கிவிட்டால் கதை முடிந்தது.

சேற்றில் இன்னொரு சிக்கல், அம்மோனியாவை எங்கே கொட்டுவது என்பது. தேளி அதைத் தன் உடம்புக்குள்ளேயே யூரியாவாக மாற்றிக்கொள்கிறது. யூரியா அவ்வளவு விஷமில்லை, தண்ணீர் வரும்வரை தேக்கிவைக்கலாம். 1794-இல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்த ஜெர்மானியர் பிளோக், 'ஃபாசிலிஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார். லத்தீனில் அதற்கு 'தோண்டி எடுக்கப்பட்டது' என்று பொருள்.

ஆக, மண்ணுக்குள் தாக்குப்பிடிப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சில இனங்களே. கெண்டை வகைகள், கெளுத்தி, உளுவை எல்லாம் இதில் வராது. கண்மாயில் எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவையோ அவைதான்.

முட்டையும் மழையும்

முட்டை மண்ணில் காய்ந்து கிடந்து மழைக்குப் பொரிக்கும் மீன் உலகத்தில் இல்லாமலில்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில சிறு மீன்கள் அப்படித்தான் தலைமுறையைக் கடத்துகின்றன. நம் கண்மாய் மீன்களில் எதற்கும் அந்தத் திறமை இல்லை. கெண்டை முட்டையும் விரால் முட்டையும் ஓரிரு நாளில் பொரித்தாக வேண்டும், காய்ந்தால் செத்துவிடும்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை? முதல் மழைத் தேக்கத்தில் ஒரே வாரத்தில் பொடிப்பொடியாக ஏதோ நீந்துவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதி தவளையின் தலைப்பிரட்டைகள். இன்னொரு பகுதி நீர்த்தெள்ளு, மழைக்குட்டைகளில் மல்லாந்து நீந்தும் ஓடில்லாத சிற்றிறால் போன்றவை. இந்தச் சிற்றுயிர்களின் முட்டைகள்தான் உண்மையில் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, நனைந்ததும் பொரிப்பவை. மக்கள் பார்த்தது சரி, பார்த்தது மீன் அல்ல.

மழைநாளில் ரோட்டிலும் வயலிலும் கிடக்கும் மீன்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து வந்தவை இல்லை. புதுத்தண்ணீரைத் தேடிக் கிளம்பிய பனையேறியும் குறவையும்தான் அவை. சூறைக்காற்று மீனை அள்ளிப் போடுவது உண்டு, ஆனால் ஒரு வட்டாரத்தின் கண்மாய்களை ஆண்டுதோறும் நிரப்பும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பறவை வழியாக முட்டை பரவுமா என்றால், மிகக் கொஞ்சம். ஹங்கேரியில் வாத்துகளுக்குக் கெண்டையின முட்டைகளைத் தின்னக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. குடலைக் கடந்து உயிரோடு வெளிவந்தவை 0.2 சதவீதம் அளவே.

குழியும் வழியும்

ஆயிரக்கணக்கில் திரும்பி வரும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் விடை இரண்டு சொற்களில் இருக்கிறது: ஒளியக் குழி, திரும்ப வழி.

1. குழி. எந்தக் கண்மாயின் தரையும் தட்டையாக இருப்பதில்லை. மடைக்கு முன்னால் ஒரு பள்ளம், கலுங்குக்குக் கீழே தண்ணீர் விழுந்து அரித்த குழி, ஆற்று வளைவில் ஒரு மடு, செம்புராங்கல் படி கட்டிய ஊருணி, வயல் கிணறு. சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்தாலும் இவற்றில் சிலவற்றில் அடுத்த மழைவரை தண்ணீர் நிற்கும். பத்துக் கண்மாயில் ஒன்றில் ஒரு குழி மிஞ்சினால் அந்த வரிசைக்கு அது விதை நெல்.

2. கீழ்நோக்கிய வழி. மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு விழுந்தால், அங்கே தப்பிய மீனும் அதன் குஞ்சும் தண்ணீரோடு அடுத்த கண்மாய்க்கு இறங்கும். இது சுலபமான பாதை, மீன் எந்த முயற்சியும் செய்ய வேண்டியதில்லை.

3. மேல்நோக்கிய வழி. இதுதான் அதிசயம். வரத்துக்காலில் புதுத்தண்ணீர் கலங்கலாக வந்து சேர்ந்ததும், குழியில் ஒடுங்கிக் கிடந்த கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். சூடு சட்டென்று குறைவதும், புது மண்ணின் கரைசலும், ஓட்டத்தின் வேகமும் அவற்றுக்குச் சமிக்ஞை. மேலே புதிதாக மூழ்கிய புல்தரையில் முட்டையிடுவதற்காகத்தான் அவசரம். அங்கே தின்னும் எதிரி இன்னும் வந்து சேரவில்லை. ஒரே மழை இரவில் ஒரு கண்மாயிலிருந்து மேலே உள்ளதற்கு மீன் போய்ச் சேரலாம். வாய்க்காலின் குறுக்கே கூடு வைத்து இந்த மீனைப் பிடிப்பது எளிது, சினை மீன் என்பதால் ருசியும் கூட. அந்த ஒரு இரவில் பிடிக்கும் கூடை மீன், தை மாதத்தில் பிடிக்கக்கூடிய பல கூடைகளுக்குச் சமம் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

4. கடலிலிருந்து வழி. விலாங்கு கண்மாயில் பிறப்பதே இல்லை. கடலில் பிறந்து, நூல் போன்ற குஞ்சாக ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்து, ஈரப்புல்லில் ஊர்ந்துகூட மேலே வரும். செட்டிநாட்டுக் கண்மாயில் விலாங்கு கிடைத்தால், பாக் நீரிணையிலிருந்து அங்குவரை அது வந்த நாட்களில் பாதை அடைபடாமல் இருந்தது என்று அர்த்தம்.

திரும்பியவை பெருகுவது வேகமாக நடக்கும். கோடை முழுக்க ஆடுமாடு போட்ட சாணமும் புழுக்கையும் காய்ந்த புல்லும் நனைந்து அழுக, நீர்த்தெள்ளு கோடிக்கணக்கில் பெருகும். மீன்குஞ்சுக்கு அதைவிடச் சாப்பாடு இல்லை. விரால் ஜோடி தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்கும், கிட்டே போனால் பாயும். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பட்டி சரணாலயக் கண்மாய்களுக்குப் பறவைகள் வந்து கூடு கட்டுவதும் இந்தக் குஞ்சு மீன் விளைச்சலை நம்பித்தான். கண்மாய் காய்வதில் நன்மையும் உண்டு. வற்றாத குளத்தில் இந்த முதல் மாத விளைச்சல் இப்படிப் பொங்குவதில்லை.

இப்போது எங்கே உடைகிறது

ஒரு கண்மாயை மட்டும் தனியாகப் பார்த்தால் இந்த ஏற்பாடு புரியாது. வரிசையில் ஒரு கண்ணி அறுந்தால் விளைவு வேறு கண்மாயில் தெரியும், அதுவும் அடுத்த ஆண்டில்.

தடுப்பணை என்ற பெயரில் வரத்துக்காலுக்குக் குறுக்கே எழுப்பும் செங்குத்துச் சுவர் தண்ணீரைத் தேக்கும், சந்தேகமில்லை. விரால் தாவலாம், பனையேறி சுற்றிக்கொண்டு நடக்கலாம். இரண்டு அங்குலக் கெண்டைக்கு மூன்றடிச் சுவர் மலை. பழைய கலுங்குகளில் கீழ்ப்பக்கம் கல்லைச் சரிவாகப் பாவியிருக்கும் இடங்களில் அது ஏறிவிடும். ரோட்டுக்கு அடியில் தரைமட்டத்துக்கு மேலே தூக்கிப் பதித்த குழாய்ப் பாலமும் இதே மாதிரி அடைப்புதான். சீமைக்கருவேலம் மூடிய வரத்துக்காலில் பிரச்சினை வேறு, அங்கே தண்ணீரே வராது.

தூர்வாருவது மீனுக்கு நல்லதா கெட்டதா என்பது எப்படி வாருகிறோம் என்பதைப் பொறுத்தது. கரம்பையை வயலுக்கு அள்ளுவது பழைய வழக்கம், தரையில் மேடுபள்ளம் இருக்கும்வரை மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. பொக்லைன் வைத்து மொத்தத் தரையையும் ஒரே மட்டமாக மழித்தால், முழுக் கண்மாயும் ஒரே வாரத்தில் வற்றும். மடைக்கு அருகில் ஒரு மூலையை மட்டும் ஆறேழு அடி ஆழமாக விட்டுவைத்தால் செலவு அதிகமில்லை, பலன் ஆண்டுதோறும்.

கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, அதாவது மீன்பாசிக் குத்தகையை எடுத்தவர் கடைசிக் குழியை மோட்டார் வைத்து இறைப்பதும் நடக்கிறது. அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அவர் காசு கொடுத்து விட்டது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள். கங்கைச் சமவெளியின் இந்த ஆற்று மீன்கள் கண்மாயில் தானாக முட்டையிட்டுப் பெருகுவதில்லை, கோடையில் விட்டுவைத்தாலும் செத்துத்தான் போகும். மிச்சம் வைக்க அவருக்குக் காரணமில்லை. ஆனால் அவர் இறைக்கும் குழியில் அவர் விடாத மீனும் இருக்கிறது. திருவிழாவில் ஊத்தாவுக்குத் தப்பும் மீன் எப்போதும் கொஞ்சம் இருந்தது. மோட்டாருக்குத் தப்புவது எதுவுமில்லை, சேற்றுக்குள் இறங்கியவை தவிர.

இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன். குழியில் ஒரு தாய் தப்பினால் போதும், அடுத்த கோடைக்குள் கண்மாய் ஜிலேபிமயம். வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியோ, தேளியைப் போலக் காற்றில் மூச்சு வாங்கும், சேற்றில் கிடக்கும், ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். கண்மாயை ஒரு முறை அடியோடு காயவைத்தால் அது ஒழிந்துவிடும் என்று சில ஊர்களில் யோசனை சொல்கிறார்கள். அப்படிக் காயவைக்கும்போது முதலில் சாவது கெண்டையும் நாட்டுக் கெளுத்தியும், கடைசிவரை கிடப்பது அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி.